கால் படாத பதினேழு மாதம்

ஒரு வயது முடிந்து நாலு மாதம் ஆன பிறகும் என் மகள் நடக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால், பார்க்கிறவர்கள் முதலில் பேத்தியா என்று கேட்பார்கள். மகள் என்றதும் பேச்சு ஒரு நொடி நிற்கும். அந்தச் சங்கடத்தை மாற்ற, நடக்கிறாளா என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன காலம் அது.

அவள் பிறந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. மனைவிக்கு நாற்பத்திரண்டு. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று முறை உண்டாகி மூன்றும் நிற்கவில்லை. நாலாவது முறை ஏழாம் மாதம் ரத்தம் கண்டு மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, எங்கள் குலதெய்வமான சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்டாள். உடன்குடிக்குத் தெற்கே, தேரி என்கிற செம்மணல் மேட்டுக் காட்டுக்குள் இருக்கிற கோயில் அது. பங்குனி உத்திரம் அன்று பந்தல் போட்டு, பொங்கல் வைத்து, ஊரிலிருக்கிற பங்காளிகள் எல்லோரும் கூடுவோம். மற்ற நாட்களில் மணலும் காற்றும்தான்.

பிள்ளை பிழைத்து வந்தால் அதன் கால் முதலில் அந்த மண்ணில்தான் படும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். என்னிடம் சொன்னபோது நானும் சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு அவள் என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

அப்போது அது எளிதான காரியமாகத்தான் தெரிந்தது. பிள்ளை ஆவணியில் பிறந்தாள். பங்குனி வரும்போது ஏழு மாதம். ஏழு மாதப் பிள்ளை எங்கே போய்க் கால் வைக்கப்போகிறது? தூக்கிக்கொண்டு போய் இரண்டு பாதத்தையும் மணலில் ஒற்றி எடுத்துவிட்டு வந்தால் தீர்ந்தது. ஆனால் உத்திரத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது என் சித்தப்பா இறந்துபோனார். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர் என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன் முறை. அந்த வருடம் முழுவதும் நம் வீட்டார் கோயிலுக்குள் போகக்கூடாது, தீட்டு என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்த உத்திரத்தின்போது மகளுக்குப் பத்தொன்பது மாதம் ஆகியிருக்கும். அதை அன்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

எட்டாம் மாதத்தில் தொல்லை தொடங்கியது. பாயில் விட்டால் விளிம்புக்கு வந்துவிடுவாள். மனைவி பிடித்து நடுவில் போடுவாள். மறுபடி வருவாள். மறுபடி இழுத்துப் போட வேண்டும். எங்களுடையது மாடி வாடகை வீடு, டைல்ஸ் போட்ட தரை. டைல்ஸ் எப்படி மண் ஆகும் என்று நான் ஒருநாள் கேட்டேன். மனைவி விரலால் தரையைத் தேய்த்து என் கண் முன்னால் நீட்டினாள். துறைமுகப் பக்கமிருந்து வருகிற கரித்தூசி, என் செருப்போடு வந்த தெரு மண், எல்லாம் அந்த விரலில் இருந்தது. பேச்சில் ஜெயிக்கிற ஆள் இல்லை நான்.

நான் வேலை பார்ப்பது மீன்பிடித் துறைமுகம் போகிற சாலையில், வலை, கயிறு, மிதவை விற்கிற கடை. பத்தாம் வகுப்பு முடித்த கொஞ்ச நாளில் சேர்ந்தது. நாள் முழுக்க நின்றபடி கயிறு அளந்து வெட்டுவேன். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பகல் முழுக்கச் சுமந்த மனைவிக்கு அப்போதுதான் கை காலியாகும். பிள்ளை கனக்கத் தொடங்கியிருந்தாள். இரவில் படுத்தால் எனக்கு இடது பக்கம் முழுக்க வலிக்கும். மனைவிக்கு இரண்டு பக்கமும் என்றாள்.

அப்போதுதான் மனைவியின் தம்பி வாக்கர் வாங்கி வந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். மஞ்சள் பிளாஸ்டிக்கில் வட்டமாக, கீழே ஆறு சக்கரம், முன்னால் பாட்டுப் பாடுகிற தட்டு. நடுவில் துணி இருக்கை. அதில் பிள்ளையை இறக்கிவிட்டு அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, வண்டிக்கு எஃப்சி எடுத்தாச்சு. இனி ஓட்டுததுதான் பாக்கி" என்றான்.

மனைவி குனிந்து பிள்ளையின் காலைத்தான் பார்த்தாள். இருக்கையை உயரத்தில் வைத்தால் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது. அவள் உள்ளே போய் ஒரு ஜோடி காலுறை எடுத்து வந்து மாட்டினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உடம்பைத் தாங்குவது துணி, தரையில் ஓடுவது சக்கரம், நுனிவிரலில் இருப்பது காலுறை. எங்கேயும் மண்ணில் கால் படவில்லை. எனக்கும் அது சரி என்றே தோன்றியது. சீக்கிரம் நடக்கவும் செய்வாள் என்று தம்பி சொன்னான். கடைக்காரன் அப்படித்தான் சொல்லி விற்றானாம்.

அன்று முதல் எட்டு மாதம் அவள் அதிலேயே இருந்தாள். காலையில் உட்கார வைத்தால் சாப்பாடு, விளையாட்டு, அரைத்தூக்கம் எல்லாம் அதில்தான். தூக்கினால் அழுவாள். நுனிவிரலால் உந்தி வீடு முழுக்க ஓடுவாள். பார்க்கிறவர்கள், இப்போதே என்ன வேகம், அடுத்த மாதம் ஓடுவாள் பார் என்றார்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. மனைவி சமைத்தாள். துணி துவைத்தாள். ஒருநாள் மத்தியானம் பதினைந்து நிமிடம் தூங்கினேன் என்று சொன்னபோது அவள் முகத்தில் வெட்கம் தெரிந்தது.

தட்டு இருக்கிற உயரத்துக்கு அவள் கையும் உயர்ந்துவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. ஒருநாள் சமையலறைக்குள் ஓடிப் போய், வடிப்பதற்காக மேடை ஓரத்தில் வைத்திருந்த சோற்றுப் பானையின் பிடித்துணியை இழுத்துவிட்டாள். மனைவி வாக்கரை எட்டி உதைத்தாள். பிள்ளை சுவரில் போய் முட்டினாள். கஞ்சி மனைவியின் கணுக்காலில் கொட்டியது. சாயங்காலம் நான் போனபோது காலில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அதற்கும் நாங்கள் வாக்கரைக் குறை சொல்லவில்லை. சமையலறை வாசலில் குறுக்கே ஒரு பலகை வைத்தோம்.

ஒரு வயது ஆனது. பதிமூன்று மாதம், பதினாலு மாதம் ஆனது. வாக்கருக்குள் ஓடுகிறவளை வெளியே எடுத்துக் கட்டிலில் நிறுத்தினால் துணிபோல மடங்கினாள். தவழவும் இல்லை. தவழ்வதற்குத் தரை வேண்டுமே.

கடைக்கு வாடிக்கையாக வருகிற தருவைகுளத்துப் படகுக்காரர் ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஐந்து பிள்ளைக்காரர். நான் யாரிடமும் வீட்டு விஷயம் பேசுகிறவன் இல்லை. இருந்தாலும் நடக்கிறாளா என்று அவர் கேட்ட அன்று இல்லை என்று சொல்லிவிட்டேன்.

"இதுக்காண்டியா அண்ணாச்சி இப்படி இருக்கீங்க? எங்க ஊருக்குக் கொண்டாங்க. கடக்கரையில குழி வெட்டி இடுப்பு மட்டும் மண்ணப் போட்டு நிறுத்திருவோம். மூணு வெள்ளிக்கிழம. நாலாவது வெள்ளி நீங்க பிள்ளைக்குப் பின்னாலதான் ஓடணும்" என்றார்.

நான் சிரித்துவைத்தேன். மண்ணில் இடுப்புவரை புதைப்பதைப் பற்றி மனைவியிடம் வாய் திறக்க முடியுமா? கயிற்றைச் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அன்று முழுக்க அவர் சொன்னதே மனதில் ஓடியது. அவருடைய பிள்ளைகள் ஐந்தும் மணலில் விழுந்து எழுந்து நடந்தவர்கள். என்னுடையவள் தரையையே தொட்டதில்லை.

மார்கழியில், பதினாறு மாதம் முடிந்தபோது, குழந்தை டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டரம்மா பொறுமையானவர். சில பிள்ளைகள் பத்து மாதத்திலேயே நடக்கும், சிலது பதினைந்து பதினாறு மாதம் ஆக்கும், பயப்பட வேண்டியதில்லை என்று தொடங்கினார். பிறகு பிள்ளையைப் படுக்கையில் நிறுத்திப் பார்த்தார். நுனிவிரலில் நின்றாள். குதிகால் கீழே இறங்கவே இல்லை. பாதத்தை அழுத்திப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது.

வீட்டில் தரையில் விடுகிறீர்களா என்று கேட்டார்.

அந்த அறையில் இன்னொரு கணவன் மனைவி அடுத்ததாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நர்ஸ் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். பிள்ளை காலை மண்ணில் வைக்கமாட்டோம் என்று நேர்ந்திருக்கிறோம் என்பதை அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இதைக்கூடவா ஒரு மனுஷன் செய்வான் என்று நினைப்பார்களே என்றிருந்தது.

"விடுதோம்" என்றேன்.

வாக்கர் உண்டா என்றார். எப்பவாவது கொஞ்ச நேரம் என்றேன். இரண்டு பொய். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

தரையில் விட்டும் பதினாறு மாதத்தில் தவழக்கூட இல்லை என்றால் பார்க்கத்தான் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். ரத்தப் பரிசோதனைக்கும் இடுப்பு எக்ஸ்ரேக்கும் எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுக்கிற இடத்தில் பிள்ளைக்கு நரம்பு கிடைக்கவில்லை. முதல் தடவை தப்பி, மறு கையில் குத்தினார்கள். நான்தான் அவள் தோளை அமுக்கிப் பிடித்திருந்தேன். அழுகை நின்ற பிறகும் வெகுநேரம் தேம்பினாள். நேர்ச்சையை நீங்கள் சொல்லியிருக்கலாம் என்று மனைவி என்னைக் குறை சொல்லவில்லை. தப்பு தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்று போனதும் தன் உடம்பால், இவளுக்குக் கால் வராததும் தன் உடம்பால் என்று.

முடிவுகள் எல்லாம் சரியாகவே வந்தன. அதுதான் டாக்டரம்மாவைக் கவலைப்பட வைத்தது. திருநெல்வேலியில் நரம்பு டாக்டர் ஒருவருக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கலாம், மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள் என்றார். மனைவி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் இரண்டு முழங்கை மடிப்பிலும் பஞ்சு ஒட்டிய தடம் இன்னும் போகவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு சொன்னேன். ஒரேயடியாக, மூச்சு விடாமல். நேர்ச்சை, சித்தப்பா சாவு, வாக்கர், காலுறை எல்லாவற்றையும். அன்றைக்கும் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். யார் என்று பார்க்கவில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரும் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறவர், களைப்பாகத்தான் இருந்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா பிள்ளைக்கு ரெண்டு ஊசி மிச்சம்" என்றார்.

பிறகு மனைவியைப் பார்த்து நிதானமாகப் பேசினார். வாக்கர் நடக்கக் கற்றுக்கொடுக்காது, தள்ளிப்போடத்தான் செய்யும். அதில் பிள்ளை தொங்குகிறது, நிற்பதில்லை. நிற்கிற பிள்ளை தன் காலைப் பார்க்க வேண்டும், ஆட வேண்டும், விழ வேண்டும். தட்டு காலை மறைக்கிறது, இருக்கை விழவிடுவதில்லை. நுனிவிரலில் உந்தியே பழகிவிட்டதால்தான் குதிகால் இறங்கவில்லை. செருப்பு வேண்டாம், காலுறை வேண்டாம், வெறுங்காலோடு தரையில் விடுங்கள். இரண்டு மாதம் பார்ப்போம், அப்புறமும் முன்னேற்றம் இல்லை என்றால் அந்தக் கடிதம் இருக்கவே இருக்கிறது. சாமி விஷயத்தில் தான் ஒன்றும் சொல்ல முடியாது, ஆனால் பங்குனி வரை காத்திருக்க வேண்டாம் என்றார்.

அன்று மனைவி பிள்ளையைத் தரையில் விடவில்லை. வாக்கரிலும் விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அப்படியே. நான் தூக்குகிறேன் என்றாலும் தரவில்லை. நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். உத்திரத்துக்கு முன்னால் ஒருநாள் கோயிலுக்குள் போய்விட்டு வரலாமா என்று கேட்டேன். தீட்டு என்றால் தீட்டுதான், நமக்காக வருடம் சுருங்குமா என்றார். அதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் செய்துவிடுவோம், சாமி புரிந்துகொள்வார் என்றும் சொன்னேன். சாமி புரிந்துகொள்வார் என்று நான் சொல்வது எளிது. மூன்று முறை வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் அவள்.

மூன்றாம் நாள் காலையில், நான் கடைக்குக் கிளம்பும்போது, கதவருகில் வந்து நின்றாள்.

"கோயிலுக்குள்ள போனாத்தான தீட்டு? நான் உள்ள மண்ணுன்னு வேண்டல. ஒம் மண்ணுன்னுதான் வேண்டினேன். வெளிய கெடக்க மண்ணும் அவரு மண்ணுதான" என்றாள்.

கடைக்கு லீவு சொன்னேன். திருச்செந்தூர் போய், உடன்குடி பஸ் பிடித்து, அங்கிருந்து ஆட்டோவில் தேரி விளிம்புவரை போனோம். அதற்கு மேல் ஆட்டோ போகாது. செம்மணலில் கால் புதையப் புதைய நடந்தோம். தை மாதம்தான் என்றாலும் பதினோரு மணிக்கு மணல் சுட ஆரம்பித்திருந்தது. மனைவிக்கு மூச்சு வாங்கியது. கோயில் பூட்டிக் கிடந்தது. சுற்றுச் சுவருக்கு வெளியே ஒரு உடைமர நிழல் இருந்தது. அங்கே மணல் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தாள். கோயில் இருக்கிற பக்கம் திரும்பி, கண்ணை மூடி, ஏதோ சொன்னாள். காலுறையைக் கழற்றினாள். பிள்ளையைக் கக்கத்தில் பிடித்து இறக்கினாள்.

பிள்ளை காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

மறுபடி இறக்கினாள். முழங்கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டாள். மணல் என்றால் என்னவென்றே தெரியாத கால் அது. விரல்களை விரித்துக்கொண்டு, எதையும் தொடமாட்டேன் என்று தொங்கினாள். நான் பாதத்தைப் பிடித்து மணலில் அமுக்கிவிடலாம் என்று குனிந்தேன். மனைவி வேண்டாம் என்றாள். ஊசி போட்ட அன்று நான் தோளை அமுக்கினேனே, அது என் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும்.

அவள் மணலிலேயே உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். கை நிறைய மணலை அள்ளித் தன் காலின் மேல் கொட்டினாள். பிள்ளை பார்த்தாள். மறுபடி கொட்டினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். தாகமாக இருந்தது, பாட்டிலில் இருந்த தண்ணீர் பிள்ளைக்கு. கடைசியில் பிள்ளை தானாகச் சரிந்து, அம்மாவின் காலுக்கு அப்பால் எட்டி மணலைப் பிடிக்கப் போனாள். அப்போது இடது பாதம் நழுவி மணலில் விழுந்தது. குதிகால் பதிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கையில் வந்த மணலை வாயில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள்.

"பட்டுட்டு" என்றாள் மனைவி. பிள்ளையின் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "போவோம்" என்றாள்.

பஸ்ஸில் பக்கத்திலிருந்த கிழவி, "ஏளா, மொத பேத்தியா?" என்று அவளிடம் கேட்டாள். மனைவி ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மகள் என்று விளக்கும் தெம்பு அன்று எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

மறுநாளே மனைவி தம்பியைக் கூப்பிட்டு வாக்கரை எடுத்துப்போகச் சொன்னாள். யாருக்கும் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னாள். பிள்ளை நாலு நாள் அதைக் கேட்டு அழுதாள். தரையில் விட்டால் விட்ட இடத்தில் உட்கார்ந்து கத்துவாள். பிறகு குண்டியால் நகர்ந்தாள். பதினேழு மாதத்தில் தவழ்ந்தாள். அதுவரை நாங்கள் களைத்தோம் என்று நினைத்ததெல்லாம் களைப்பே இல்லை. அவளுக்கு விழத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் குண்டி ஊன்றி உட்காருமே, அது அவளுக்கு வரவில்லை. பலகை சாய்வதுபோல் அப்படியே பின்னால் சாய்வாள். ஒருவர் எப்போதும் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பகலில் மனைவி, சாயங்காலம் நான். எனக்கு முட்டி வீங்கியது. கடையில் உட்கார்ந்து கயிறு அளக்க முதலாளியிடம் ஸ்டூல் கேட்டேன். அதைக் கேட்கவும் மூன்று நாள் தயங்கினேன்.

கட்டில் ஓரத்தைப் பிடித்து நின்றாள். குதிகால் மெல்ல மெல்ல இறங்கியது. அரிசி டிரம்மிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து சுவருக்குப் பக்கவாட்டில் நகர்ந்தாள். கையை விடமாட்டாள். டாக்டரம்மா சொன்ன இரண்டு மாதத்தில் ஒரு மாதம் போனது. ஒன்றரை போனது. திருநெல்வேலிக்கு எந்த பஸ்ஸில் போவது, எத்தனை நாள் லீவு கேட்பது என்று நான் மனதுக்குள் யோசிக்கத் தொடங்கியிருந்தேன். மனைவியும் யோசித்திருப்பாள்.

பங்குனி தொடக்கத்தில் ஒரு காலை. மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் குளியலறை வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை அரிசி டிரம்மைப் பிடித்து நின்று என் வாயையே பார்த்தாள். நுரை அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கையை விட்டாள். அவள் விட்டதை அவளே அறிந்த மாதிரி தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலாவது அடியில் என் லுங்கியைப் பிடித்தாள். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. பயந்து விழுந்துவிடுவாளோ என்று வாயில் இருந்த நுரையோடு அப்படியே நின்றேன். அவள் லுங்கியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

மனைவி இறங்கி வந்ததும் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். வெற்று வாளியைக் கீழே வைத்துவிட்டு எத்தனை அடி என்று கேட்டாள். நாலு என்றேன். யாரும் பிடிக்காமலா என்றாள். யாரும் பிடிக்காமல் என்றேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். பிள்ளையை டிரம்மைப் பிடிக்க வைத்தோம். பிரஷ்ஷைக் காட்டிக் கூப்பிட்டோம். அவள் டிரம்மின் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. கடைக்கு நேரமாகிவிட்டது. மனைவி என்னைப் போகச் சொன்னாள். நான் பொய் சொல்லவில்லை என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டாக்டரம்மாவிடம் பொய் சொன்னவன்தானே.

பகலில் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. சாயங்காலம் படியேறிப் போனபோது கதவு திறந்து கிடந்தது. மனைவி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கியிருந்தாள். பாதம் இரண்டும் கரித்தூசி அப்பிக் கறுத்திருந்தன. கழுவிவிடவில்லை.

"ஆறு வச்சா" என்றாள்.